ஏசி பராமரிப்பு ஒப்பந்தத்தின் முன்பணம் வந்த மாதத்திலேயே வருமானமாகுமா?

கோவைக்குளிர்:

கோயம்புத்தூரில் தனியுரிமை நிறுவனமாக (நான் ஒருவனே உரிமையாளர்) ஏசி பழுது நீக்கும் தொழிலும் பராமரிப்புத் தொழிலும் செய்து வருகிறேன். ஆறு டெக்னீஷியன்கள், தொலைபேசியைக் கவனிக்க ஒருவர், பகுதி நேரமாக டாலி என்ற கணக்கு மென்பொருளில் பதிவு செய்யும் கணக்கர் ஒருவர் என்ற அளவிலான நிறுவனம். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் ஏறக்குறைய 240 இருக்கின்றன. ஒன்றுக்குச் சராசரியாக ரூ.10,000 வாங்குகிறோம், ஜிஎஸ்டி தனி. ஆண்டுக்கு நான்கு சர்வீஸ் செய்து தர வேண்டும். இடையில் பழுது என்று அழைத்தால் கட்டணமின்றிப் போய்ப் பார்க்க வேண்டும். உதிரிபாகத்துக்கும் கேஸ் நிரப்புவதற்கும் மட்டும் தனியாகப் பில் போடுவோம்.

பெரும்பாலான ஒப்பந்தங்கள் மார்ச்சிலிருந்து மே வரை புதுப்பிக்கப்படுகின்றன. ஆண்டுத் தொகை முழுவதும் முன்பணமாகவே வந்துவிடுகிறது. எங்கள் கணக்கர் பில் போட்ட நாளிலேயே முழுவதையும் வருமானமாகப் பதிகிறார். அதனால் சென்ற ஏப்ரலில் ஒப்பந்த வருமானம் ரூ.6,00,000, மற்ற வேலைகள் ரூ.1,80,000, செலவு ரூ.3,10,000, ஆக இலாபம் ரூ.4,70,000 என்று மாத அறிக்கை காட்டியது. அக்டோபரிலோ ஒப்பந்தம் ரூ.60,000, மற்ற வேலைகள் ரூ.1,10,000, செலவு ரூ.2,70,000, ஆக ரூ.1,00,000 நட்டம். முதல் அறிக்கையைப் பார்த்தால் இன்னொரு வண்டி வாங்கி இரண்டு ஆட்களைச் சேர்க்கலாம் என்று தோன்றுகிறது. இரண்டாவதைப் பார்த்தால் இருப்பவர்களுக்கே சம்பளம் கொடுக்க முடியுமா என்ற ஐயம் வருகிறது.

முன்பணத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்குப் பிரித்துக் காட்டலாமா, காட்டினால் ஜிஎஸ்டிக்கும் வருமான வரிக்கும் என்ன ஆகும் என்பதே என் கேள்வி. மொத்த வரவில் குறிப்பிட்ட விழுக்காட்டை வருமானமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் கணக்குத் தாக்கல் செய்வதால் இதெல்லாம் தேவையில்லை என்கிறார் எங்கள் ஆடிட்டர்.

பேரேடு:

பிரித்துத்தான் காட்ட வேண்டும், ஐயா. ஏப்ரலில் வந்த பணத்துக்கு எதிராக நீங்கள் அடுத்த மார்ச் வரை வேலை செய்து கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறீர்கள். அந்த வேலை முடியும் வரை அது முன்கூட்டிப் பெற்ற வருமானம்; இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் இருக்க வேண்டிய தொகை. ரூ.12,000-க்கு ஏப்ரல் 1-இல் தொடங்கும் ஒப்பந்தம் என்றால் வங்கிக் கணக்கில் பற்று ரூ.14,160, முன்கூட்டிப் பெற்ற பராமரிப்புக் கட்டணத்தில் வரவு ரூ.12,000, மத்திய ஜிஎஸ்டியில் ரூ.1,080, மாநில ஜிஎஸ்டியில் ரூ.1,080 வரவு. ஒவ்வொரு மாதக் கடைசியிலும் அந்தப் பொறுப்பைப் பற்று வைத்து, பராமரிப்பு வருமானத்துக்கு ரூ.1,000 வரவு வைக்க வேண்டும்.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ.24 லட்சம் ஒப்பந்த வருமானம் என்றால் மாதத்துக்கு ரூ.2,00,000. அப்போது ஏப்ரலின் இலாபம் ரூ.70,000, அக்டோபரில் நட்டத்துக்குப் பதிலாக ரூ.40,000 இலாபம். இரண்டு மாதங்களுக்கும் இடையே உண்மையில் இருப்பது முப்பதாயிரம் ரூபாய் வேறுபாடுதான். அறிக்கையில் தெரிந்த ஐந்து லட்சத்து எழுபதாயிரம் வேறுபாட்டில் மீதி ஐந்து லட்சத்து நாற்பதாயிரம் பில் தேதியால் உண்டானது.

ஜிஎஸ்டி மட்டும் இந்தப் பிரிப்பைப் பின்பற்றாது. சேவைகளைப் பொறுத்தவரை பில் தேதி, பணம் வந்த தேதி ஆகிய இரண்டில் எது முந்தியதோ அப்போதே வரிப் பொறுப்பு உண்டாகிவிடுகிறது. பொருள் விற்பனைக்கு முன்பணத்தின் மீது வரி கட்டத் தேவையில்லை என்று 2017 நவம்பரில் கொடுத்த சலுகை சேவைகளுக்குக் கிடையாது. ஆகவே வருமானம் பன்னிரண்டு மாதங்களில் வந்தாலும் வரி முழுவதையும் தொடக்கத்திலேயே கட்டியாக வேண்டும். உங்கள் ஏப்ரல் மாத ரூ.7,80,000-க்கு 18 சதவீதம் என்றால் ரூ.1,40,400. உள்ளீட்டு வரி வரவை, அதாவது நீங்கள் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கொடுத்த ஜிஎஸ்டியை, கழித்த பிறகு மிஞ்சுவது அரசின் பணம். ஆனால் அது உங்கள் நடப்புக் கணக்கில்தான் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஜிஎஸ்டிஆர்-3பி என்ற வரிப் படிவத்தைத் தாக்கல் செய்யும் திட்டத்தில் இருந்தாலும் காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்கு அடுத்த மாதம் 25-ஆம் தேதிக்குள் பணம் கட்ட வேண்டும். இதற்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, வசூலான வரியை வாரம் ஒரு முறை அதற்கு மாற்றிவிடுவது நல்லது.

பொருநைக்கரை:

நான் திருநெல்வேலியில் லிஃப்ட் பராமரிப்புத் தொழில் செய்கிறேன். பேரேடு ஐயா சொல்வது பாடப்புத்தகப்படி சரி. நடைமுறையில் யாருக்காக இத்தனை வேலை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உத்தேச வருமான முறைக்குரிய 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவின்படி மொத்த வரவில் ரொக்கமாக வந்ததற்கு 8 சதவீதமும், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதமும் வருமானமாகக் காட்டினால் போதும். இரண்டு கோடி ரூபாய் வரை இந்த வசதி இருக்கிறது, ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் மூன்று கோடி வரை. அதற்கான ஐடிஆர்-4 வருமான வரிப் படிவமும் கடனாளிகள், கடனீந்தோர், சரக்கிருப்பு, ரொக்க இருப்பு போன்ற சில எண்களைத்தான் கேட்கிறது. அப்படியிருக்க 240 ஒப்பந்தங்களுக்கும் மாதாமாதம் ஜர்னல் (சரிக்கட்டும் பதிவு) போட ஒரு முழு நேர ஆளை வைத்தால், அந்தச் சம்பளமே இவருடைய அக்டோபர் மாத இலாபத்தில் பாதியைத் தின்றுவிடும். வங்கி இருப்பையும் நிலுவையையும் பார்த்தே நான் தொழிலை நடத்துகிறேன்.

பேரேடு:

வரித் துறைக்குக் கொடுக்கும் கணக்கும், ஆள் சேர்க்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் கணக்கும் ஒரே பேரேட்டிலிருந்து வரலாமே தவிர, இரண்டின் நோக்கமும் ஒன்றல்ல. உத்தேச முறையில் 6 சதவீதம் என்று எழுதுவது வரிக்கான கணக்கு. உண்மையில் 3 சதவீதம் நிற்கிறதா, 15 சதவீதம் நிற்கிறதா என்பதை அது உங்களுக்குச் சொல்லாது. கோவை நண்பர் கேட்டிருப்பது வரியைக் குறைக்கும் வழியை அன்று, வண்டி வாங்கலாமா என்பதை. வங்கியில் கடனுக்குப் போனாலும் வருமான வரிப் படிவத்தோடு இலாப நட்டக் கணக்கையும் இருப்புநிலைக் குறிப்பையும் சேர்த்துத்தான் கேட்பார்கள்.

வேலைப் பளுவைப் பற்றிச் சொன்னது நியாயம்தான். ஆனால் 240 ஜர்னல்கள் தேவையே இல்லை. பில்லை இப்போது போலவே டாலியின் எஃப்8 பொத்தானில் விற்பனையாகப் பதியட்டும். ஜிஎஸ்டி விற்பனைப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-க்கான எண்ணும் அப்படியே கிடைத்துவிடும். பக்கத்தில் ஓர் எக்செல் தாளில் வாடிக்கையாளர், தொடங்கிய நாள், முடியும் நாள், வரி நீங்கலான தொகை, கழிந்த மாதங்கள், மிச்சத் தொகை என்று எழுதி வர வேண்டும். 15-ஆம் தேதிக்குள் தொடங்கியதை அந்த மாதத்திலிருந்தும், அதற்குப் பின் தொடங்கியதை அடுத்த மாதத்திலிருந்தும் கணக்கிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளலாம். மாதக் கடைசியில் மிச்சத் தொகைகளின் கூட்டுத்தொகை எவ்வளவோ, பொறுப்புக் கணக்கும் அவ்வளவாக இருக்கும்படி எஃப்7-இல் ஒரே ஒரு ஜர்னல் போட்டால் போதும். கூடுதல் வேலை என்று பார்த்தால் தாளைப் புதுப்பிப்பதும் அந்த ஒரு பதிவும்தான். ஜிஎஸ்டி விற்பனைக்கும் ஏட்டிலுள்ள வருமானத்துக்கும் இடையே வரும் வேறுபாடு இந்தத் தாளின் தொடக்க இருப்பு, இறுதி இருப்பு ஆகியவற்றின் வேறுபாட்டுக்குச் சமமாக இருக்கும். யாராவது கேட்டால் அதையே காட்டலாம்.

அடக்கவிலை:

எல்லா ஒப்பந்தத்தையும் பன்னிரண்டு சம பங்காகப் பிரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. இந்திய பட்டயக் கணக்கறிஞர் நிறுவனத்தின் ஒன்பதாம் கணக்கியல் தரநிலை, சேவை வருமானத்துக்கு இரண்டு வழிகளைச் சொல்கிறது: செய்து முடித்த வேலையின் விகிதத்தில் வருமானம் கொள்வது ஒன்று, ஒப்பந்தம் முழுமையாக முடிந்த பிறகே கொள்வது மற்றொன்று. ஏசி பராமரிப்பில் வேலை ஆண்டு முழுவதும் சீராக நடப்பதில்லை. பிப்ரவரி, மார்ச்சில் கோடைக்கு முந்தைய சர்வீஸுக்காக டெக்னீஷியன்கள் ஞாயிறும் வேலை பார்ப்பார்கள். நவம்பரில் மழைக்கு நடுவே யாரும் கூப்பிட மாட்டார்கள். செலவெல்லாம் மார்ச்சில் ஏறியிருக்க, வருமானத்தைச் சமமாகப் பிரித்தால் மார்ச் நட்டமாகவும் நவம்பர் இலாபமாகவும் தெரியும். இதுவும் ஒரு பொய்த் தோற்றமே. நான்கு சர்வீஸ் என்று எண்ணிக்கை ஒப்பந்தத்திலேயே இருக்கும்போது, வேலை அட்டையில் வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒவ்வொரு சர்வீஸுக்கும் கால் பங்கு வருமானம் என்று கொள்வதே பொருத்தம்.

பேரேடு:

அம்மா சொல்வதில் பாதியை ஏற்கிறேன். ஒப்பந்தத்தில் நான்கு சர்வீஸ் மட்டும் இருந்தால் அட்டைக் கணக்குத்தான் சரி. ஆனால் இவருடைய ஒப்பந்தத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் பழுதுக்கு அழைக்கும் உரிமையும் சேர்ந்திருக்கிறது. ஒருவர் ஆண்டு முழுவதும் ஒரு தடவைகூட அழைக்காமலிருக்கலாம். இன்னொருவர் மே மாதத்தில் மட்டும் ஐந்து முறை அழைக்கலாம். எண்ணிக்கை தெரியாத பல செயல்களை ஒரு குறிப்பிட்ட காலத்துக்குச் செய்து கொடுக்கும் சேவைகளில், காலத்தைக் கொண்டு சமமாகப் பிரிக்கலாம் என்று வருமான வரித் துறையின் வருமானக் கணிப்புத் தரநிலை நான்கும் இடம் கொடுக்கிறது. தணிக்கைக்கு உட்படாத தனிநபருக்கு அந்தத் தரநிலை கட்டாயமில்லை என்றாலும் அதன் தர்க்கம் பொருந்துகிறது. மேலும், வாடிக்கையாளர் வெளியூர் போய்விட்டதால் செய்யாமல் விட்ட மூன்றாவது சர்வீஸின் கால் பங்கை என்ன செய்வது என்ற கேள்வி அட்டை முறையில் எழுந்துகொண்டே இருக்கும்.

அடக்கவிலை:

விடுபட்ட சர்வீஸை ஒப்பந்தம் முடியும் நாளில் வருமானத்துக்கு மாற்றிவிடலாம். அது பெரிய தடையன்று. ஆனால் பழுது அழைப்பும் சேர்ந்த ஒப்பந்தம் என்பதைக் கருதி, ஏட்டில் சமப் பங்கு முறையையே வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுக்கிறேன். எந்த முறையாக இருந்தாலும் ஆண்டுக்கு ஆண்டு மாற்றக்கூடாது. அதோடு வேலை அட்டைகளை எண்ணி, ஒரு சர்வீஸின் அடக்கத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும். கூலி, பெட்ரோல், காயிலைக் கழுவும் திரவம் எல்லாம் சேர்த்து ஒரு சர்வீஸுக்கு ரூ.1,500 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நான்குக்கு ரூ.6,000 போய்விடும். மீதி ரூ.4,000-த்தில்தான் பழுது அழைப்புகளும், அலுவலக வாடகையும், உரிமையாளரின் உழைப்பும் அடங்க வேண்டும். இடையில் மூன்று அழைப்புகள் வந்துவிட்டால் அந்த வாடிக்கையாளரிடம் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. விலை ஏற்ற வேண்டியது எந்த ஒப்பந்தங்களில் என்பது மாத இலாப அறிக்கையில் தெரியாது, இங்கேதான் தெரியும்.

சரக்கையும் கேட்க வேண்டும். பிப்ரவரியில் வாங்கிய கெப்பாசிட்டர், செப்புக் குழாய், ஆர்-32, ஆர்-410ஏ கேஸ் சிலிண்டர் எல்லாம் வாங்கிய மாதத்திலேயே செலவாகப் போகிறதா? பாதி தீர்ந்த சிலிண்டரைத் தராசில் நிறுத்தி, வெற்று எடையைக் கழித்தால் எத்தனை கிலோ மிச்சம் என்று தெரிந்துவிடும். மாதக் கடைசியில் இதைச் செய்யாவிட்டால் வருமானத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்தும் பயனில்லை.

கோவைக்குளிர்:

விரிவான பதில்களுக்கு நன்றி. சரக்கு நீங்கள் சொன்னபடியேதான் வாங்கிய மாதத்தில் செலவாகிறது. அதை மாற்றச் சொல்கிறேன். இன்னொரு குழப்பமும் இருக்கிறது. ஒரு தனியார் அலுவலகத்துக்கு ரூ.50,000 ஒப்பந்தம், வரியோடு ரூ.59,000 பில். அவர்கள் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்துக்கொண்டு ரூ.58,500 அனுப்பினார்கள். எங்கள் கணக்கர் மீதி ரூ.500-ஐத் தள்ளுபடி என்று எழுதி முடித்துவிட்டார். வேறொரு வாடிக்கையாளர் 10 சதவீதம் பிடித்திருக்கிறார். எது சரி?

பேரேடு:

அது தள்ளுபடி அன்று. உங்கள் பெயரில் அரசிடம் இருக்கும் பணம். சொத்துகள் பக்கத்தில் 'டிடிஎஸ் வரவேண்டியது' என்று நிற்க வேண்டும். செலவாக எழுதிவிட்டால் வருமான வரிப் படிவத்தில் கேட்டுப் பெறவும் மறந்துவிடும். 2025-26 நிதியாண்டுக்குரிய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்களையே இங்கே சொல்கிறேன். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. 194சி பிரிவின்படி தனிநபருக்கு 1 சதவீதம்; ஒரே பில் ரூ.30,000-ஐத் தாண்டினாலோ, ஆண்டு மொத்தம் ரூ.1,00,000-ஐத் தாண்டினாலோ பிடிப்பார்கள். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் வரி நீங்கலான தொகையின் மீதே பிடிக்க வேண்டும், ஆகவே ரூ.50,000-க்கு ரூ.500 என்பது சரியான கணக்கு. பத்து சதவீதம் பிடித்தவர் இதைத் தொழில்முறைக் கட்டணம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். வழக்கமான பராமரிப்பு ஒப்பந்தங்கள் 194சி-யில் அடங்கும் என்று 1995-ஆம் ஆண்டின் 715-ஆம் எண் சுற்றறிக்கை சொல்கிறது. அதைக் காட்டிக் கேட்கலாம். பிடித்த தொகை எதுவானாலும் உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் வந்திருக்கிறதா என்று காலாண்டுக்கு ஒரு முறை லெட்ஜரோடு ஒப்பிட வேண்டும்.

ஈரோட்டான்:

விவாதம் வருமானத்தையே சுற்றி வருகிறது. உரிமையாளரின் சம்பளத்தை யாரும் கேட்கவில்லை. தனியுரிமை நிறுவனத்தில் உரிமையாளர் எடுக்கும் பணம் எடுப்புகள் கணக்குக்குத்தான் போகும், செலவாகாது. கோவை நண்பரே, திருத்திய அக்டோபர் இலாபம் ரூ.40,000 என்றார்கள். நீங்கள் காலையில் வேலை பிரித்துக்கொடுத்து, மாலையில் வசூலுக்கும் போகிறீர்கள் என்றால், அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ அதை மாத அறிக்கையின் அடியில் ஒரு வரியாகக் கழித்துப் பாருங்கள். அதன் பிறகு மிஞ்சுவதை வைத்துத்தான் வண்டியைப் பற்றி யோசிக்க வேண்டும். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் தொழில் கணக்கிலிருந்தே போகிறதென்றால் முதலில் அதைப் பிரிக்க வேண்டும்.

ஒரு சிறு யோசனை: மொத்த விற்றுமுதல் ரூ.50 லட்சத்துக்குள் இருப்பதால் 6 சதவீத இணக்க முறை (காம்போசிஷன்) ஜிஎஸ்டிக்கு மாறலாமே?

பேரேடு:

மாறலாம், ஆனால் வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்க முடியாது, அவருக்கு உள்ளீட்டு வரி வரவும் கிடைக்காது. வீடுகளுக்கு மட்டும் வேலை செய்பவருக்கு அது ஏற்றது. அலுவலக ஒப்பந்தங்கள் அதிகம் வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருநைக்கரை:

ஒரே ஜர்னல் என்றால் எனக்கும் ஆட்சேபணையில்லை. நானும் செய்து பார்க்கிறேன். நிலுவையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கடனுக்குச் செய்யும் பழுது வேலைகளின் பில்களை 30 நாள், 45 நாள், 90 நாள் என்று வயது வாரியாகப் பிரித்து வைத்திருங்கள். உத்யம் (குறு, சிறு நிறுவனப்) பதிவு எண்ணைப் பில்லில் அச்சிட்டுவிட்டால் நிறுவன வாடிக்கையாளர்கள் விரைந்து கொடுக்கிறார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் கொடுக்கும் ஆண்டில்தான் அவர்கள் அதைச் செலவாகக் கழிக்க முடியும் என்று 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 43பி(எச்) பிரிவு சொல்கிறது. மார்ச் மாதத்தில் இதன் பலன் நன்றாகத் தெரியும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களிடம் மட்டும் இது எடுபடாது. அவர்களுக்குத் தொழில் வருமானமும் இல்லை, கழிக்க வேண்டிய செலவும் இல்லை. அங்கே செயலாளர் மாறுவதற்குள் வசூலித்துவிடுவதே வழி.

கோவைக்குளிர்:

தாளைத் தயாரித்துவிட்டோம். மார்ச் 31-ஆம் தேதியன்று இன்னும் செய்து கொடுக்க வேண்டிய ஒப்பந்தங்களின் மிச்சத் தொகை ரூ.9,60,000 வருகிறது, அன்று வங்கியில் இருந்தது ரூ.7,35,000. இது ஆபத்தான நிலையா? இன்னொன்று, இந்த ரூ.9,60,000 ஏற்கெனவே சென்ற ஆண்டின் வருமானத்தில் சேர்ந்துவிட்டது. ஏப்ரல் 1-இல் இதை எப்படிக் கொண்டுவருவது?

அடக்கவிலை:

ரூ.9,60,000-ஐயும் ரொக்கமாகத் திருப்பித் தரப்போவதில்லை, வேலையாகத்தான் தரப்போகிறீர்கள். அந்த வேலையின் அடக்கம் எவ்வளவு என்பதையே வங்கி இருப்போடு ஒப்பிட வேண்டும். மேலே சொன்ன விகிதத்தில் நேரடிச் செலவு அறுபது சதவீதம் என்றால் ரூ.5,76,000. ஆனால் அந்த ரூ.7,35,000-த்தில் கட்ட வேண்டிய ஜிஎஸ்டி, மார்ச் சம்பளம், உதிரிபாகக் கடைகளுக்குக் கொடுக்க வேண்டியது ஆகியவை போக என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அது ரூ.5,76,000-க்குக் கீழே இருந்தால், புதிய ஒப்பந்தக்காரரின் பணத்தில் பழைய ஒப்பந்தக்காரருக்கு வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்படியானால் வண்டியை முன்பணத்திலிருந்து வாங்கக்கூடாது. தவணைக் கடனில் வாங்கி, மாத இலாபத்தில் தவணையைக் கட்ட முடிகிறதா என்று பார்ப்பதே சரி.

பேரேடு:

தொடக்கப் பதிவு எளியது. ஏப்ரல் 1-இல் உங்கள் முதல் (மூலதனம்) கணக்கைப் பற்று வைத்து, முன்கூட்டிப் பெற்ற பராமரிப்புக் கட்டணத்தை ரூ.9,60,000-க்கு வரவு வைக்க வேண்டும். சென்ற ஆண்டில் இலாபமாகப் போய் முதலில் சேர்ந்ததைத் திரும்ப எடுத்து, பொறுப்பாக வைக்கிறோம். முதல் அந்த அளவுக்குக் குறைவது உண்மை நிலைதான். இந்தத் தொகை இனி மாதாமாதம் வருமானத்துக்கு வரும்போது மறுபடியும் வரிக்கு உட்பட்டுவிடாமல் இருக்க, வரிப் படிவத்துக்கான மொத்த வரவைப் பழைய முறையிலேயே, அதாவது பில் அடிப்படையிலேயே காட்டிவரும்படி ஆடிட்டரிடம் தாளின் நகலோடு சொல்லிவிடுங்கள். அப்படிக் காட்டினால் டிடிஎஸ் பிடித்த ஆண்டும் வரவு காட்டிய ஆண்டும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்.

நடு ஆண்டில் யாராவது ஒப்பந்தத்தை ரத்து செய்தால், திருப்பித் தர வேண்டிய தொகையைத் தாளின் மிச்சப் பத்தியைக் கொண்டு கணக்கிட்டு, அதற்குரிய ஜிஎஸ்டியோடு வரவுக் குறிப்பு (கிரெடிட் நோட்) அனுப்புங்கள். பில் போட்ட நிதியாண்டு முடிந்தபின் அதிகபட்சம் அடுத்து வரும் நவம்பர் 30 வரைதான் அதைக் கொண்டு வரியைக் குறைத்துக்கொள்ள முடியும்.